கோணல் காதுப் பேனாக்கட்டை

சென்ற தை மாதத்தில், மங்கலத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் நமது அங்கத்தினர் ஒருவர், அட்டைப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்து சங்கத்து மேஜையின்மீது வைத்தார். தறிகளுக்கு வேண்டிய தார்க்குச்சி, உருளை, கைப்பிடி முதலியவற்றை இருபது ஆண்டுகளாகக் கடைந்து கொடுத்து வருபவர் அவர். சுற்றுவட்டாரத்தில் தறிகள் பல எடைக்குப் போய்விட்ட பிறகு அவருடைய லேத்து பாதி நாள் சும்மா கிடக்கிறது. இந்நிலையில் பட்டணத்து வியாபாரி ஒருவர் மாதிரிப் பேனாக்கட்டை ஒன்றைக் கொடுத்து, அதைப்போல் 24 கடைந்து தருமாறு கேட்டிருந்தார். கார்த்திகையில் அனுப்பினார், தையில் 17 திரும்பி வந்துவிட்டன. போக்குவரத்துச் செலவும் அவர் தலையில். உடன் வந்த சீட்டில் "பார்வைக்கு நன்று, எழுதவில்லை" என்று மட்டுமே கண்டிருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். கட்டைகள் வழவழப்பாகவும் ஒரே அளவாகவும், அரக்குப் பூச்சு பளபளக்கவும் இருந்தன. கடைசல் வேலையில் ஒரு குறையும் எம் கண்ணுக்குப் படவில்லை. பின் ஏன் திரும்பின? இதை ஆராயப் புகுந்ததில் நாம் அறிந்துகொண்டவற்றை, கடைசல்காரர்களுக்கும் மரம் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

கட்டைப் பேனாவை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மை வில்லையைத் தண்ணீரில் கரைத்து, கூட்டில் ஊற்றி, முள்ளைத் தொட்டுத் தொட்டு எழுதிய காலம் அது. அந்தக் கட்டையில் முள் நேராகச் செருகப்பட்டிருக்கும். இப்போது கேட்கப்படுவதோ வேறு. இதில் கட்டையின் முனைக்குச் சற்றுப் பின்னால் இடப்பக்கமாகப் பித்தளைத் தகடு ஒன்று காதுபோல் நீண்டிருக்கிறது. முள் அந்தக் காதிலேதான் செருகப்படுகிறது. முதன்முதல் பார்ப்பவர் உடைந்துபோன பேனா என்றே நினைப்பார். நமது அங்கத்தினரும் அப்படித்தான் நினைத்தாராம்.

இக்கோணலுக்குக் காரணம் உண்டு. எஃகு முள்ளின் நுனி நடுவில் பிளந்திருக்கிறது. அழுத்தி இழுத்தால் பிளவின் இரு கால்களும் விலகி, கோடு தடிக்கும். அழுத்தம் நீங்கினால் கால்கள் சேர்ந்து, கோடு மெலியும். ஆங்கில அலங்கார எழுத்தின் அழகெல்லாம் இந்தத் தடிப்பிலும் மெலிவிலுமே அடங்கியிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: பிளவு எந்தத் திசையை நோக்குகிறதோ அதே திசையில்தான் தடித்த கோட்டை இழுக்க வேண்டும். குறுக்காக இழுத்தால் ஒரு கால் மட்டும் சுமை தாங்கும். மற்றொன்று காகிதத்தைக் கீறும். கோட்டின் ஒரு கரை சுத்தமாகவும் மறு கரை பிசிறடித்தும் நிற்கும்.

அவ்வெழுத்துக்கள் நிமிர்ந்து நிற்பவை அல்ல. அடிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 55 பாகை அளவில் வலப்புறம் சாய்ந்தவை. வலக்கையால் எழுதுவோரின் பேனாவோ கீழ் வலப்பக்கத்திலிருந்து வந்து மேல் இடப்பக்கம் நோக்குவது. எழுத்தின் சாய்வு ஒரு புறம், முள்ளின் நோக்கு மறுபுறம். இவ்விரண்டையும் சேர்க்க வேண்டுமானால் மணிக்கட்டை முறுக்க வேண்டும். அல்லது காகிதத்தை வெகுவாகத் திருப்ப வேண்டும். கை தன் வசதிப்படி இருக்க, முள்ளை மட்டும் வலப்பக்கம் திருப்பிக் கொடுக்கும் உபாயமே இந்தக் காது. தமிழ் எழுத்துக்கு இது தேவையில்லை. ஓலையில் எழுத்தாணியால் ஒரே தடிமனில் கீறி வளர்ந்த எழுத்து நம்முடையது. நேர்க்கட்டையே அதற்குப் போதும்.

முள்ளைச் சாய்த்து அமைக்கும் யோசனைக்கு இங்கிலாந்தில் மார்டன், பிராக்கடன் என்ற இருவர் 1831-இல் காப்புரிமை பெற்றனர். பின்னர் அமெரிக்காவில் சாய்வெழுத்துப் பள்ளிகள் பெருகியபோது இக்கட்டை நன்கு பரவியது. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1888-இல் ஸேனர் என்பவர் நிறுவிய எழுத்துக் கல்லூரியின் பெயரால், லேத்தில் கடைந்த மரக்கட்டைகள் விற்பனையாயின. தட்டச்சும் ஊற்றுப்பேனாவும் வந்தபின் மங்கிய இக்கலை, அண்மைக் காலத்தில் திருமண அழைப்பு, நற்சான்றுப் பத்திரம், வாழ்த்து மடல் முதலியவற்றுக்காக மீண்டும் பயிலப்படுகிறது. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களிலும் இதற்கென வகுப்புகள் நடக்கின்றன. கூட்டம் சிறிதுதான். ஆயினும் கட்டையின் எடையையும் பிடியையும் ஆராய்ந்து, தமக்குப் பிடித்த கடைசல்காரரைத் தேடி வாங்குகிற கூட்டம் அது.

பேனாவுக்கும் லேத்துக்கும் உள்ள உறவு நம் நாட்டுக்குப் புதிதன்று. ராஜமகேந்திரவரத்தில் 1930-களில் காந்தியடிகளின் சுதேசி அழைப்பை ஏற்று ரத்னம் பேனாக்கள் கையால் கடையப்பட்டன. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் தண்டுகளை லேத்தில் கடைந்து ஊற்றுப்பேனா செய்து வெளிநாட்டவருக்கும் அனுப்பி வருகின்றனர். மரக் கடைசலுக்கோ அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மையும் பேர்பெற்றவை. சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டிலேயே அதை உருக்கிப் படியவிட்டு, தாழை மடலால் தேய்த்து மெருகேற்றும் சென்னபட்டணத்து முறை பேனாக்கட்டைக்கு அப்படியே பொருந்தும். பிடித்த விரல் வியர்த்தாலும் வழுக்காதபடி, பிடிக்கும் இடத்தில் மட்டும் மெருகைச் சற்றுக் குறைத்துவிட்டால் போதும்.

இனி வேலைக்கு வருவோம். 6 நூல் சதுரமும் 8 அங்குல நீளமும் உள்ள துண்டு வேண்டும். நார் நேராக ஓடவேண்டியது அவசியம். குறுக்கு நார் உள்ள துண்டு மெலியும்போது ஒடியும். இரு தலைகளிலும் மூலைக்கு மூலை கோடிட்டு மையம் குறித்து, லேத்தின் இரு முனைகளுக்கிடையே பொருத்தி, குழி உளியால் முதலில் உருளையாக்க வேண்டும். பின்னர் சாய்வு உளி. விரல் பிடிக்கும் இடத்தில் 4 நூல், காது அமையும் முனையில் 3 நூல், வால் நுனியில் 2 நூல் என்ற அளவு பெரும்பாலோர் கைக்கு ஒத்துவருகிறது. முடிந்த நீளம் 7 அங்குலம். இத்தனை மெல்லிய வேலைக்கு நிமிடத்திற்கு 2000 சுற்றுக்குக் குறையாத வேகம் நல்லது. வாலைக் கடைசியாகவே மெலிக்க வேண்டும். முதலிலேயே மெலித்துவிட்டால் குச்சி நடுவில் துள்ளும். உளி பட்ட இடமெல்லாம் சுருள் சுருளாகத் தடம் விழும். உப்புத்தாள் போடும்போது உளிதாங்கியை எடுத்துவிட வேண்டும். துண்டும் தொங்கும் சட்டைக் கையும் லேத்துக்கு ஆகாதென்பது தறியருகே வளர்ந்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தார்க்குச்சி கடைந்து பழகிய கைக்கு இதுவரை கஷ்டமில்லை. நமது அங்கத்தினர் ஒரு மணிக்கு மூன்று கட்டை கடைந்துவிடுகிறார். சங்கடம் லேத்தை நிறுத்திய பின்னர்தான் தொடங்குகிறது.

காதுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பித்தளைத் தகடு ஏற்றது. அதைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் விரிசலில்லாமல் வளையும். ஒரு பாதியை முள்ளின் அடிப்பாகத்தைச் சுற்றிப் பிடிக்கும்படி வில்போல் வளைக்க வேண்டும். மறுபாதி தட்டையான நாக்காக நின்று கட்டையின் வெட்டுக்குள் நுழையும். எந்த முள்ளுக்காக என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சித்திரக்கதை வரைவோருக்காக ஜப்பானில் செய்யப்படும் 'ஜி' முள்ளின் வளைவும், இங்கிலாந்துக் கில்லட் முள்ளின் வளைவும் ஒன்றல்ல. ஒன்றுக்கு வளைத்த காதில் மற்றொன்று ஆடும்; அல்லது நுழையாது. இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு இக்காதே பெரும்பாலும் வேண்டுவதில்லை. அவர் கை இயல்பாகவே சாய்வுக்கு ஒத்துப்போகிறது. அதையும் விசாரித்துக்கொள்வது நலம்.

கட்டையின் முனையிலிருந்து 2 நூல் தள்ளி இடப்பக்கத்தில் சாய்வாக வெட்டு விழவேண்டும். வெட்டின் அகலம் தகட்டின் கனத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். இரும்பறுக்கும் ரம்பப் பிளேடு இதற்கு உதவாது; தகட்டைப்போல் ஏறக்குறைய இருமடங்கு அகலத்தில் வெட்டிவிடும். நமது அங்கத்தினர் அதைத்தான் உபயோகித்து, எஞ்சிய இடைவெளியை அரால்டைட் பசையால் நிரப்பியிருந்தார். பசை காய்வதற்குள் காது தன் இஷ்டம்போல் நகர்ந்துவிட்டது. தட்டார் வைத்திருக்கும் மெல்லிய ரம்பமே வேண்டும். நாக்கு இறுக்கமாக நுழைந்தபின், குறுக்கே ஊசித் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி இருபுறமும் அராவிவிட்டால் காது அசையாது.

இனி, திரும்பி வந்த கட்டைகளின் நோய். 17-ஐயும் ஒன்றொன்றாக முள் செருகிப் பார்த்ததில், 11-இல் முள்ளின் நுனி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அது இருக்கவேண்டிய இடம் எது? கட்டையின் நடுவாகச் செல்லும் அச்சுக்கோட்டை முன்னோக்கி நீட்டினால், அக்கோட்டின்மேல் நுனி தொட்டு நிற்க வேண்டும். காது இடப்பக்கம் விலகிச் சென்றாலும், முள் வலப்பக்கம் திரும்பி, நுனியால் நடுக்கோட்டுக்கே வந்து சேர வேண்டும். ராட்டைக் கதிரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கதிர் கோணினால் அதன் நுனி வட்டமிடும். நூல் இழுபட்டு அறும். பேனாவும் அப்படியே. எழுதும்போது விரல்களுக்கிடையே கட்டை சிறிது உருள்வது இயற்கை. நுனி அச்சில் இருந்தால் அவ்வுருளலால் நுனி இடம் பெயராது. அச்சுக்கு இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் நுனி மேலும் கீழும் எழும்பி, முள்ளின் ஒரு கால் காகிதத்தை விட்டு அகன்றுவிடும். எழுதுகிறவர் தம் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். சில நாளில் கட்டையை வீசிவிடுவார்.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. பலகையொன்றில் முக்கோணப் பள்ளம் எடுத்து, பள்ளத்தின் நடுக்கோட்டைப் பலகையின் மேல் முன்னோக்கி நீட்டிப் பென்சிலால் கோடிட வேண்டும். கட்டையின் வால் இழைந்து மெலிவதால், பள்ளம் அதன் பிடிப்பகுதியை மட்டும் தாங்கினால் போதும். வாலுக்கு வேண்டிய அளவு சிறு சக்கை வைத்து மட்டப்படுத்திக்கொள்ளலாம். கட்டையைக் கிடத்தி, முள் செருகி, விரலால் மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். நுனி கோட்டின்மேல் ஒரு புள்ளியாக நின்றால் சரி. வட்டமிட்டால் குறட்டால் காதைச் சிறிது சிறிதாக வளைத்துத் திருத்த வேண்டும். அதன்பின் மை தொட்டு ஒவ்வொரு கட்டையாலும் பத்துச் சாய்கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். இரு கரையும் சுத்தமாக விழுந்த கட்டைதான் பெட்டிக்குள் போகலாம். எழுதிப் பார்த்த அச்சிறு காகிதத்தையும் கட்டையோடு சுற்றி அனுப்பினால் வாங்குகிறவருக்கு வேறு அத்தாட்சி எதற்கு? முதற்பெட்டியில் ஒரு கட்டைகூட எழுதிப் பார்க்கப்படவில்லை. முள்ளே பட்டறையில் இல்லை. மாதிரியில் இருந்த முள்ளையும் வியாபாரி கழற்றிக்கொண்டுதான் கொடுத்திருந்தார்.

மற்ற 6 கட்டைகளின் குறை மரத்தைச் சேர்ந்தது. அவற்றில் காது சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் தளர்ந்து ஆடிற்று. ஐப்பசியில் மர வாடியில் வாங்கிய வேம்பு, ஈரம் முழுதும் போகாமலே கார்த்திகையில் லேத்தில் ஏறியிருக்கிறது. தையின் வறண்ட காற்று பட்டதும் மரம் சுருங்கி, வெட்டு வாய் விரிந்துவிட்டது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் பொதுவாக இருமடங்கு இருக்கும். ஆகவே வட்டமாகக் கடைந்தது முட்டையாகிறது. நேராக வெட்டியது கோணுகிறது.

இங்கேதான் விவசாய அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாம் நாள்தோறும் சபிக்கும் சீமைக்கருவேல மரம், சுருக்கம் மிகக் குறைந்த மரங்களில் ஒன்று. அன்றியும் அது இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சுருங்குவது. 1877-இல் மதராஸ் ராஜதானியில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட இம்மரம் இன்று குளத்தையும் தரிசையும் மூடிக்கிடப்பதும், அதை வேரோடு அகற்றுவதற்கு நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்ததும் யாவரும் அறிந்ததே. அதை வளர்க்கும்படி நாம் ஒருபோதும் சொல்லவில்லை. வெட்டி அகற்றும்போது அடிமரம் முழுவதையும் கரிமூட்டத்துக்கு அனுப்ப வேண்டுமா என்றுதான் கேட்கிறோம். மரம் கோணலாதலால் தச்சர் தொடுவதில்லை. பேனாக்கட்டைக்கு வேண்டியதோ 8 அங்குலம்தான். எத்தனை கோணிய மரத்திலும் 8 அங்குல நேர்த்துண்டுகள் சில கிடைக்கும். வயிரப்பகுதி ஆழ்ந்த செம்பழுப்பு நிறம், கனம், மெருகு நன்றாக ஏறும். முள் குத்தினால் சீழ் வைக்கும். கடையும்போது பறக்கும் தூளும் சிலருக்கு மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். மூக்குத்துணி கட்டாமல் இதைக் கடையலாகாது.

வேறு மரங்களும் உண்டு. வெட்பாலை தந்தம்போல் வெண்மையாயும் நார் தெரியாமலும் இருப்பது. சென்னபட்டணத்தாரும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகத்தாரும் பொம்மைக்கு எடுப்பது இதைத்தான். நெசவாளர் கேட்டால் வியப்படையலாம்: இம்மரத்தின் இலையிலிருந்து ஒரு காலத்தில் அவுரிநீலம் போன்ற நீலச்சாயம் எடுத்தார்கள். அதனைத் தாவர நூலார் ராக்ஸ்பரோ 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விவரித்துள்ளார். வரப்போரத்து வெட்பாலையைத் தழைக்கு மட்டும் என்று எண்ணுவோர், கழித்த கிளையையும் எடுத்து வைக்கலாம். பூவரசும் நல்லது. வெள்வேல் கடினம், உளி அடிக்கடி தீட்ட வேண்டும். பனையின் வெளிவயிரம் கறுப்புக் கோடுகளோடு கண்ணைப் பறிக்கும். ஆனால் நார் விரலில் ஏறும் என்பதால் எமக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஈட்டியும் சந்தனமும் வேண்டாம். ஈட்டி சர்வதேச வாணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் 2017 முதல் இருக்கிறது. சந்தனத்துக்கு உள்நாட்டுச் சட்டமே போதும்.

எந்த மரமாயினும் வெட்டியவுடன் நடுத்தண்டு வழியே பிளந்து, இரு தலைகளிலும் மெழுகோ பழைய வர்ணமோ பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். வெயிலில் போட்டால் தலை வெடிக்கும். உலர்ந்ததா என்பதைக் கையால் தடவிச் சொல்ல முடியாது. அடுக்கிலிருந்து ஒரு துண்டைக் குறியிட்டு வாரந்தோறும் தராசில் நிறுத்தி எழுதிவர வேண்டும். எடை குறைவது நின்று, அடுத்தடுத்து மூன்று வாரம் ஒரே எடை காட்டினால் லேத்தில் ஏற்றலாம்.

விலை விஷயத்தில் ஒரு வார்த்தை. மங்கலத்தார்க்குக் கூலித்தறியின் கதை தெரியும். நூலும் துணியும் வேறொருவருடையவை. நம்முடையது தறியும் கரண்டுச் செலவும் உழைப்பும். மீட்டருக்கு இத்தனை பைசா என்பதை நாம் நிர்ணயிப்பதில்லை. இக்கட்டையிலும் அதே நிலை வரக்கூடும். காது வைக்காத வெறுங்கட்டையை எண்ணிக்கைக் கணக்கில் கடைந்து கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வியாபாரி இப்போதே சொல்லியனுப்பியிருக்கிறார். தொந்தரவு குறைவு என்று தோன்றும். ஆனால் வெறுங்கட்டை கடைய லேத்து உள்ள எவராலும் முடியும். கூலி இறங்கிக்கொண்டே போகும். முள்ளை நடுக்கோட்டில் நிறுத்தத் தெரிந்தவரைத்தான் எழுதுகிறவர் மறுமுறை தேடி வருவார். ஆதலின் காது வரை நாமே செய்து, எழுதிப் பார்த்து அனுப்புவதே எமது அபிப்பிராயம். நமது அங்கத்தினரும் வெறுங்கட்டைக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் அதுபற்றி இரண்டு அபிப்பிராயம் இருப்பதாகவும் சொன்னார்; மாதக் கடைசியில் கூலி கைக்கு வரும் என்ற பக்கத்தை நாமும் அலட்சியம் செய்வதற்கில்லை.

தனியொருவரால் ஓராண்டு மரத்தை முடக்கி வைக்க இயலாது. எனவே சங்கத்துக் கிடங்கின் பின்தாழ்வாரத்தை மரம் உலர்த்துவதற்காக ஒதுக்கியிருக்கிறோம். அங்கத்தினர் மூவர் தங்கள் தரிசிலிருந்து வெட்டிய சீமைக்கருவேல அடிமரங்களைக் கொடுத்துள்ளனர். ஒரு வண்டி வெட்பாலைக் கிளையும் வந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் வெட்டிய தேதி சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டுள்ளது. ஞாயிறு காலையில் எடை போடுகிறோம். அளவுப் பலகை ஒன்றும் நாலு வகை முள்ளும் அலுவலகத்தில் இருக்கின்றன. கட்டை கொண்டுவரும் எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

திரும்பி வந்தவற்றுள் நுனி விலகியிருந்த 11-க்கும் தட்டார் ரம்பத்தால் புதிய வெட்டு எடுத்துக் காது மாற்றியாயிற்று. அவற்றுள் 9 சுத்தமாக எழுதின. எஞ்சிய இரண்டில் பழைய வெட்டு முனைக்கு மிக நெருங்கிவிட்டதால் மரம் பிளந்தது. வேம்புக் கட்டை ஆறையும் வரும் ஆனிவரை தொடுவதில்லை என்று தீர்மானித்து, குறியிட்ட துண்டோடு சேர்த்து அடுக்கின்மேல் வைத்திருக்கிறோம்.